பெங்களூருக்குப் பரணி போகிறாள்

10 ஜூன் 2024, திங்கள்

காலையில் எங்கள் இயக்குநர் டேனியல் சார் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். பெங்களூரில் ஒரு நிறுவனம், எங்களைப் போன்ற சின்னத் தொண்டு நிறுவனங்களில் அடுத்த தலைமைக்கு வரக்கூடியவர்களைத் தேர்ந்தெடுத்து எட்டு மாதம் பயிற்சி கொடுக்கிறதாம். மாதத்துக்கு நான்கு நாள் அங்கே போய்த் தங்க வேண்டும். நம்மிடமிருந்து பரணியை எடுத்திருக்கிறார்கள் என்றார். எல்லோரும் கை தட்டினோம். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த தலைமை. அந்தச் சொல்லைச் சொல்லும்போது சார் என் பக்கம் பார்க்கவில்லை.

நான் இங்கே சேர்ந்து பதினேழு வருடம். பரணி வந்து மூன்று வருடம். நெருப்பெரிச்சல் ஊரில் எந்த பனியன் கம்பெனிக்குப் பின்னால் எந்த லைன் வீட்டில் எந்தப் பெண் குடியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு லேப்டாப் தெரியும்.

14 ஜூன், வெள்ளி

இன்று சாரிடம் கேட்டே விட்டேன். என்னை ஏன் யோசிக்கவில்லை என்று நேராகக் கேட்க வாய் வரவில்லை. அந்தப் பயிற்சிக்குக் களப்பணி பார்ப்பவர்களையும் எடுப்பார்களா என்று சுற்றி வளைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாமே இங்கிலீஷ்லதாங்க சித்ரா. உங்களுக்குச் சிரமமா இருக்கும்னு நெனச்சனுங்க."

சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நினைத்தாராம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்டிருந்தால் நானே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு. கேட்டிருக்க வேண்டும்.

27 ஜூன், வியாழன்

பிரிண்டரில் ஒரு தாள் கிடந்தது. பரணி பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது எழுதிய கட்டுரையின் இரண்டாம் பக்கம். இங்கிலீஷ். முழுதாகப் புரியவில்லை, ஆனால் பொங்கலூர் என்று இருந்தது. பதினொரு பெண்கள் என்று இருந்தது. 2017 என்று இருந்தது. 'நான்', 'நான்' என்று வரிக்கு வரி இருந்தது.

பொங்கலூர் தாண்டி அந்த மில் ஆஸ்டல். ஒப்பந்தக் காலம் முடிந்தும் பதினொரு பிள்ளைகளை ஊருக்கு விடாமல் வைத்திருந்தார்கள். வார்டன் கேட்டைத் திறக்க மாட்டேன் என்றாள். காலை ஆறு மணிக்கு வாசலில் உட்கார்ந்தவள், மூன்று மணிக்கு தாசில்தார் வண்டி வந்த பிறகுதான் எழுந்தேன். அன்று எனக்குக் காய்ச்சல். வேறு யாரும் என்னோடு இல்லை. பரணி அப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்திருப்பாள்.

அதைச் சொல்லித்தான் இடம் வாங்கியிருக்கிறாள்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து இருந்து, எதையும் அளந்து பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் பேசுவார். "நீ அதைப் பூராவும் படிச்சியா?" என்றார். படிச்சேன் என்றேன்.

8 ஜூலை, திங்கள்

முதல் நான்கு நாள் முடிந்து வந்திருக்கிறாள். தோளில் நீலப் பை, அந்த நிறுவனத்தின் பெயர் போட்டது. எங்களுக்கெல்லாம் மைசூர்பாகு. தங்கிய அறையைப் பற்றி முத்தாயி அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். ஜன்னலைத் திறந்தால் மரம் தெரியுமாம். முத்தாயி அக்கா குழந்தைகள் காப்பகத்தைப் பார்ப்பவர், சூது தெரியாத மனுஷி.

மைசூர்பாகை நான் எடுக்கவில்லை. சர்க்கரை என்று சொன்னேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

22 ஜூலை, திங்கள்

அங்கே கற்றதை எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாளாம். சுவரில் பெரிய தாள் ஒட்டி, கையில் மஞ்சள் துண்டுக் காகிதம் கொடுத்து, இந்த வேலையை நாம் ஏன் செய்கிறோம் என்று ஒரு வரி எழுதி ஒட்டச் சொன்னாள். பதினேழு வருடம் செய்த வேலையை ஏன் செய்கிறேன் என்று இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டும்.

"சம்பளத்துக்காக" என்று எழுதி ஒட்டினேன். டிரைவர் வெள்ளையன் சிரித்தார். பரணியும் சிரித்தாள். அவள் சிரிப்பில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

3 ஆகஸ்ட், சனி

இன்று நான் ஒரு காரியம் செய்தேன். செய்தேன் என்பதைவிடச் செய்யாமல் விட்டேன்.

பயிற்சியில் கொடுத்த வேலைக்காக, பெண் தொழிலாளர்களை வைத்து ஒரு கூட்டம் நடத்த வேண்டும் என்று பரணி ஒரு வாரமாக ஓடினாள். சனிக்கிழமை ஆறு மணி என்று நோட்டீஸ் அடித்தாள். என்னிடம் காட்டி, "சரியா இருக்குங்களா அக்கா?" என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

சனிக்கிழமை வாரச் சம்பளம். கையில் காசு வந்ததும் கடைக்குப் போவார்கள், சந்தைக்குப் போவார்கள், ஒருத்தியும் கூட்டத்துக்கு வர மாட்டாள். இந்த ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். மூன்று வருடம் ஆபீஸிலேயே உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியவில்லை.

நாற்பது நாற்காலி, மூன்று பேர். சுண்டல் அப்படியே இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். நன்றாக வேண்டும் என்று இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அது போய்விட்டது, என்னவோ போல ஆகிவிட்டது.

20 ஆகஸ்ட், செவ்வாய்

பெங்களூரிலிருந்து எங்கள் நான்கு பேருக்கும் ஒரு படிவம். பரணியோடு வேலை செய்பவர்கள் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். பெயர் போட வேண்டாம். தமிழிலும் எழுதலாம்.

தமிழிலும் எழுதலாம்! இதற்கு மட்டும் தமிழ் வந்துவிடுகிறது.

எழுதினேன். "பிறர் செய்த வேலையைத் தான் செய்ததாகக் காட்டிக்கொள்கிறார். இந்தப் பயிற்சிக்கான இடத்தையும் அப்படித்தான் பெற்றார்." அனுப்பும் முன் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். உண்மையைத்தானே எழுதியிருக்கிறேன்? அனுப்பிவிட்டேன்.

9 செப்டம்பர், திங்கள்

பெங்களூரிலிருந்து பரணி வந்தாள். யாரிடமும் பேசவில்லை. நீலப் பை இல்லை.

12 செப்டம்பர், வியாழன்

படிவத்தில் இருந்ததைப் பெயர் இல்லாமல் அவளிடம் காட்டியிருக்கிறார்கள். விசாரித்து முடிக்கும் வரை அடுத்த வகுப்புக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்களாம். சார் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. அவர் அப்படித்தான்.

பரணி முத்தாயி அக்காவைச் சந்தேகப்படுகிறாள். போன மாதம் காப்பக வருகைப் பதிவேடு விஷயத்தில் இருவருக்கும் வாக்குவாதம். இன்று அக்கா டீ கொண்டுபோய் வைத்ததற்கு, "வேண்டாமுங்க, எடுத்துட்டுப் போங்க" என்றாள். அக்கா சமையல் மேடைப் பக்கம் வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் என்ன சாமி பண்ணுனேன்?" என்று என்னிடம் கேட்டார்.

என்னிடம்.

16 செப்டம்பர், திங்கள்

பதினொரு மணிக்குப் பெங்களூரிலிருந்து போன். விஜயகுமாரி என்று ஒரு அம்மா, அந்தப் பயிற்சியை நடத்துபவர். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. நான்கு பேரிடமும் பேசுகிறாராம். யாருடைய எந்த வேலையைப் பரணி தன் வேலையாகக் காட்டினாள் என்று கேட்டார்.

மொட்டை மாடிக்குப் போய்ச் சொன்னேன். பொங்கலூர், 2017, பதினொரு பிள்ளைகள். அது நான் செய்தது. கட்டுரையில் அவள் செய்ததாக எழுதியிருக்கிறாள்.

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நீங்கதான் அந்தச் சித்ராதேவியா? அந்தக் கட்டுரை என் முன்னாலதான் இருக்கு. நீங்க வாசிச்சியளா?"

பார்த்தேன் என்றேன்.

"இருங்க. நான் தமிழ்ல சொல்லுதேன்."

பரணி எழுதியிருந்ததை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எங்கள் நிறுவனத்தில் சித்ராதேவி என்று ஒருவர் இருக்கிறார். 2017-இல் நான் கல்லூரியில் இருந்தபோது, அவர் காய்ச்சலோடு ஒரு மில் வாசலில் ஒன்பது மணி நேரம் தனியாக உட்கார்ந்து பதினொரு பெண்களை வெளியே கொண்டுவந்தார். நான் இதைக் கேள்விப்பட்டது டிரைவர் சொல்லித்தான். எங்கள் ஃபைலில் இந்தச் சம்பவம் இரண்டு வரி. அவர் எழுத மாட்டார், நாங்களும் கேட்டதில்லை. அவர் போய்விட்டால் எங்களிடம் என்ன மிஞ்சும் என்று நான் பயப்படுகிறேன். நான் அவரைப் போல ஆக முடியாது. ஆனால் அவரைப் போன்றவர்கள் செய்வது வீணாகாமல் பார்த்துக்கொள்ள நான் கற்றுக்கொள்ள வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். என் பெயர் முதல் பக்கத்தில் இருந்திருக்கிறது, நான் பார்த்தது இரண்டாம் பக்கம். வரிக்கு வரி இருந்த அந்த 'நான்' எல்லாம் இதுதான். நான் கேள்விப்பட்டேன். நான் பயப்படுகிறேன். நான் அவரைப் போல ஆக முடியாது.

எழுத மாட்டார் என்றது குத்தியது. அந்த நிலையிலும் குத்தியது, பாருங்கள்.

நான் எழுதியது தப்புங்க என்றேன். எனக்கு அதைப் படிக்கத் தெரியலைங்க, தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேனுங்க என்றேன். அவர் திட்டவில்லை. பரணி மீது இனி ஒன்றும் இல்லை, அவள் வகுப்புக்கு வரலாம் என்றார். என் பெயரை அவளிடம் சொல்ல மாட்டாராம். "அது உங்க பாடு" என்றார்.

17 செப்டம்பர், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில் முத்தாயி அக்காவின் வீங்கிய கண்ணைப் பார்த்த பிறகு தள்ளிப்போட முடியவில்லை. பரணியை மாடிக்குக் கூப்பிட்டேன். படிவத்தில் எழுதியது நான்தான், முத்தாயி அக்கா இல்லை என்றேன். சனிக்கிழமைக் கூட்டத்தையும் சொன்னேன். அதையும் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னது போல இருந்தது.

அவள் அழவில்லை. நான் அதற்குத் தயாராக இருந்தேன், அழுவாள் என்று.

"ஏனுங்க அக்கா இப்படிப் பண்ணுனீங்க?"

உனக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை என்றேன். வேறு எப்படிச் சொல்வது? எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சார் சொன்னதைச் சொன்னேன். தாளைப் பார்த்ததைச் சொன்னேன்.

"பக்கத்து டேபிள்லதான இருந்தேன். என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க. நானே படிச்சுச் சொல்லியிருப்பேன்."

கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும், அதனால்தான் கேட்கவில்லை என்றேன். அதை இதுவரை எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை.

"எட்டு நாளா நான் தூங்குலீங்க. முத்தாயி அக்காவை என்னென்னவோ நெனச்சுட்டேன். அதுக்கு நான் போய் மன்னிப்புக் கேட்கோணும். உங்களைப் பத்தி இப்ப எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலீங்க."

இறங்கிப் போய்விட்டாள். சமையல் மேடைப் பக்கம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. நான் மாடியிலேயே நின்றேன்.

18 செப்டம்பர், புதன்

பரணி தன் டேபிளை ஜன்னல் பக்கம் மாற்றிக்கொண்டாள்.

3 அக்டோபர், வியாழன்

பெங்களூருக்குப் போய்விட்டு வந்தாள். வேலை விஷயம் மட்டும் பேசுகிறாள், மரியாதையாகவே பேசுகிறாள். சார் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவரிடமும் போய்ச் சொன்னேன். நானும் உங்களைக் கேட்காமல் முடிவெடுத்தது தப்புதாங்க என்றார். அது ஆறுதலாக இல்லை. என் தப்பை யாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டாம்.

இன்று ஒரு கேஸ். சூப்பர்வைசர் தொந்தரவு என்று ஒரு ஒடிசாப் பெண். கம்பெனிப் புகார்க் குழு முன் அவளோடு உட்கார்ந்துவிட்டு வந்தேன். அறிக்கை இரண்டரைப் பக்கம் எழுதினேன். விரல் வலிக்கிறது.

4 நவம்பர், திங்கள்

தீபாவளி முடிந்து ஆபீஸ். பாதித் தொழிலாளர்கள் ஊரிலிருந்து திரும்பவில்லை. என் ஒடிசாக் கேஸ் அறிக்கையைப் பரணி ஃபைலில் வைப்பதற்கு முன் நின்றுகொண்டே முழுதும் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் தேதி விட்டுப்போயிருக்குங்க என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

12 டிசம்பர், வியாழன்

மார்ச்சில் சார் ஓய்வு பெறுகிறார். இயக்குநர் பொறுப்பு பரணிக்கு.

வயிறு எரிந்தது. பொய் எழுதி என்ன ஆகப் போகிறது, இந்த நோட்டை நான் மட்டும்தான் படிக்கிறேன். எல்லாம் தெரிந்த பிறகும் எரிந்தது. இரவுச் சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இன்னொரு தோசை வைத்தார்.

23 ஜனவரி 2025, வியாழன்

அடுத்த மூன்று வருடத் திட்டத்தைப் பரணி எங்களுக்கு விளக்கினாள். பயிற்சி முடிவில் பெங்களூரில் காட்ட வேண்டியது, அதனால் திரையில் எல்லாம் இங்கிலீஷ். பேச்சு தமிழும் இங்கிலீஷுமாகப் போனது. நான்காவது படத்திலேயே எனக்கு வழி தவறிவிட்டது. எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு கையைத் தூக்கினேன்.

"இது எனக்குப் புரியலைங்க. தமிழ்ல சொல்லுங்க."

காது சூடாகிவிட்டது. பரணி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எந்த இடத்திலிருந்து என்று கேட்டாள். முதலிலிருந்தே என்றேன்.

வெள்ளையன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தனக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்றார். முத்தாயி அக்கா கண்ணாடியை எடுத்து மாட்டினார். சார்கூட, மூன்றாவது படத்தில் அந்தக் கட்டம் என்ன என்று கேட்டார்.

பரணி லேப்டாப்பை மூடிவிட்டு, சாக்பீஸை எடுத்துப் பலகையில் எழுத ஆரம்பித்தாள். இரண்டு இடத்தில் நான் மறுத்துப் பேசினேன். ஒன்றை அவள் ஒப்புக்கொண்டாள், ஒன்றை ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டம் முடியும்போது மணி இரண்டேகால், கொண்டுவந்த சாப்பாடு எல்லாம் ஆறிப் போயிருந்தது.