தைக்கு ஒரு பொட்டலம் மாம்பழம்

வைகாசி 2, வியாழன்

காலையிலேயே அனல். குழாயில் இரண்டு குடம்தான் கலங்கல் இல்லாமல் வந்தது.

மரத்தில் பழம் பழுத்துவிட்டது. அவர் போய் நாலு மாசம். தையில் முதல் வருஷத் திதி. படையலில் எது வேண்டுமானாலும் வைக்கலாம், அவருக்கு உயிரான மாம்பழம் தையில் ஏது? மரத்தில் பூதான் இருக்கும். ஜூஸ் பாட்டில் வாங்கி வைக்கலாம் என்கிறாள் மகள் கவிதா, கோயமுத்தூரிலிருந்து போனில். அது அவர் வைத்த மரத்துப் பழம் ஆகுமா. ஃப்ரீசரில் போட்டு வைக்கப் போகிறேன்.

அவருக்குப் படைக்காமல் மாம்பழம் வாயில் வைப்பதில்லை. இது எனக்குள் முடிவு. யாரிடமும் சொல்லவில்லை.

ஃப்ரிட்ஜை ஒழித்தேன். கிடந்தவை: தோசை மாவு, அவருடைய கண் சொட்டு மருந்து, பாதி எலுமிச்சை, ஒரு பூச்சரம், கருகியது. தையில் வாங்கியது. தூக்கிப் போட மனசு வரவில்லை. போட்டேன்.

வைகாசி 3, வெள்ளி

தேங்காய் போடுகிற ஆள் வந்து பழம் பறித்துக் கொடுத்தார். இரண்டு கூடை. நான் அடுப்படியில் இருந்துவிட்டேன், பக்கத்தில் நிற்கவில்லை. பெரிசும் சிறிசுமாகப் பழம்.

கொஞ்சம் சீவி, துண்டு போட்டு, கழுவி, எல்லாவற்றையும் ஒரே கவரில் அடைத்து வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் அம்மிக்கல். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா வந்து தட்டிப் பார்த்தாள்.

“இதை உடைக்கக் கடப்பாரைதான் வேணுமுங்க அக்கா.”

நாலு மாசத்தில் இன்றைக்குத்தான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவள் கிறிஸ்துமஸுக்கென்று வருஷா வருஷம் பழம் எடுத்து வைக்கிறவள். சொல்லிக் கொடுத்தாள். துண்டு போட்டபின் கழுவக் கூடாது. ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறைய விட வேண்டும். உறைந்த பிறகுதான் கவர். காற்றை அமுக்கி எடுத்துவிட்டு வாயை முடிச்சுப் போட வேண்டும்.

அம்மிக்கல்லை அவள் வீட்டுக்கே கொடுத்துவிட்டேன்.

வைகாசி 5, ஞாயிறு

கை முழுக்க மாம்பால் அரிப்பு. ஏழு தட்டு, ஏழு பொட்டலம். உதிர் உதிராக, குலுக்கினால் சோழி மாதிரி சத்தம். ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு காரியம் முடித்த நிறைவு.

சர்ச்சுக்குப் போய்விட்டு ஸ்டெல்லா நேராக இங்கே வந்தாள். “அக்கா, நீங்க குடுத்ததுல ஒரு துண்டு தேனுங்க, ஒரு துண்டு புளிங்க. என்ன மரமுங்க அது?”

அப்போதுதான் உறைத்தது.

ஒட்டு மரம் அது. ஒட்டுக்குக் கீழே துளிர்த்த கொம்பு ஒன்று உண்டு. அதில் காய்ப்பது நாட்டுக்காய், பழுத்தாலும் புளிப்பு. வெட்டச் சொன்னால் ஊறுகாய்க்கு ஆகும் என்பார். காயிலேயே அதை மட்டும் தனியாகப் பறித்துவிடுவார். இந்த வருஷம் பறிக்க அவர் இல்லை. எனக்கு ஞாபகமே வரவில்லை. கூடையில் இரண்டும் கலந்துவிட்டது. சீவித் துண்டு போட்டால் எல்லாம் ஒரே மஞ்சள்.

மரத்தில் இனிப் பழம் இல்லை. எந்தப் பொட்டலம் இனிப்பு, எது புளிப்பு? தின்னாமல் எப்படித் தெரியும்? தையில் அவர் இலையில் புளிப்பை வைப்பதா.

வைகாசி 7, செவ்வாய்

பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கவே இல்லை. சென்னிமலைப் போர்வையை எடுத்து மேலே சுற்றிவிட்டேன். காய்ச்சல்காரருக்குப் போர்த்தின மாதிரி.

கவிதா போன். தின்று பார்த்தால் தெரிந்துபோகிறது, அதற்கு ஏன் இரண்டு நாளாகக் கவலை என்றாள். அப்போதுதான் என் முடிவைச் சொன்னேன்.  

“அப்பா என்னைக்கும்மா உங்களுக்கு முன்னால மாம்பழம் தின்னாரு?”

வாஸ்தவம். முதல் கீற்று கத்தி நுனியில் எனக்குத்தான் வரும். “இனிப்பான்னு சொல்லு அம்மணி, அப்பறம் நான் தின்கறேன்.” முப்பது வருஷம். ஒரு தடவைகூட மாறினதில்லை. இதை எப்படி மறந்தேன்.

ஐந்தேகாலுக்குக் கரண்ட் வந்தது. ஒரு துண்டுகூட இளகவில்லை.

வைகாசி 8, புதன்

மேகம். நல்ல காற்று. குளித்து, விளக்கு வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பொட்டலத்துக்கு மூணு நாலு துண்டு, எச்சில் படாமல் தனிக் கரண்டியில் எடுத்து.

1 இனிப்பு
2 இனிப்பு
3 பாதிக்குப் பாதி
4 இனிப்பு
5 புளி. கண் தானாக மூடிக்கொண்டது
6 இனிப்பு, இதுதான் ரொம்ப
7 புளி

பல் கூசியது. வாயில் பழத்தோடு அழுதேன். அப்புறம் இன்னொரு துண்டு எடுத்தேன்.

3, 5, 7 வெல்லம் போட்டுப் பச்சடிக்கு. கவிதாவுக்கு அது பிடிக்கும், ஆடியில் வரச் சொல்லியிருக்கிறேன். ஸ்டெல்லாவுக்கு 4, கிறிஸ்துமஸ் கேக்கு வரும்போது கணக்கு நேராகிவிடும் என்றாள். கீழ்க்கொம்பில் பழைய வேட்டிக் கிழிசலைக் கட்டினேன், அடுத்த வருஷம் அடையாளத்துக்கு. வெட்டவில்லை.

கவர்களில் பேர் எழுதினேன். 6-ல், அவருக்கு, தை. 1-ம் 2-ம் மிச்சம். ஈரத்தில் பேனா பிடிக்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு இரண்டிலும் எழுதினேன், எனக்கு.