அபியின் வெற்று விடைத்தாள்

ஜூலை 7, திங்கள்
கச்சான் காற்று. குசினி யன்னலைச் சாத்த மறந்து வீடெல்லாம் மண். இன்று என் வகுப்புக்குத் தவணைப் பரீட்சை, தரம் 11, கணிதம். என் மகள் அபியும் அதே வகுப்பு. வீட்டுக்குக் கொடுக்கும் கணக்குகளில் எல்லாரும் கெட்டிக்காரர். பயமில்லை.

ஜூலை 8, செவ்வாய்
திருத்த உட்கார்ந்தேன். அபியின் தாள். பெயர், சுட்டெண். முதல் கணக்கை எழுதி வெட்டியிருக்கிறாள். பிறகு ஒன்றுமே இல்லை. பக்கங்கள் ஒட்டிக்கொண்டனவோ என்று திரும்பத் திரும்பப் புரட்டினேன். வீட்டுக் கணக்கில் ஒரு பிழை விடாத பிள்ளை!
மற்றத் தாள்களும் பாதிக்கு மேல் இப்படித்தான். கிண்ணியாவிலிருந்து வரும் சப்னாவுக்கு மட்டும் எல்லாம் சரி.
அபியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

ஜூலை 9, புதன்
சப்னாவிடம் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டேன்.
"வாப்பாட போன்ல வீடியோ பார்ப்பன் ரீச்சர். நடுவில நிப்பாட்டிப்போட்டு நானே செய்து பார்ப்பன். பிழைச்சா திரும்பப் போடுவன்."
மாலையில் அபியிடம் வெற்றுத் தாளைப் பற்றிக் கேட்டேன். அழவில்லை.
"கணக்கைப் போன்ல படம் எடுத்தா விடை வரும் அம்மா. வழியும் வரும். பார்த்து எழுதுவன்."
"எப்ப இருந்து?"
"ஒன்பதாம் வகுப்பில இருந்து."
கணக்கு ரீச்சரின் வீட்டில். பக்கத்து அறையில்.
"விளங்காட்டி என்னட்டைக் கேட்டிருக்கலாமே?"
"கேட்டனான். ரீச்சரின்ர மகளுக்கு இதுகூட விளங்கேல்லையோ எண்டு சொன்னனீங்கள். போன் அப்பிடிச் சொல்லுறேல்லை."
அப்படிச் சொன்னேனா? நினைவே இல்லை. அதுதான் இன்னும் அதிர்ச்சி.

ஜூலை 10, வியாழன்
தலையிடி. பாடம் எடுத்தேன், என்ன எடுத்தேன் என்று தெரியாது.
அபியின் அப்பா துறைமுக வேலை முடிந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.
"போனைப் பறிச்சு வையும்."
"பறிச்சா கணக்கு விளங்கிடுமோ?"


ஜூலை 11, வெள்ளி
தண்ணீர் வரவில்லை. உடுப்புத் தோய்க்க ஏலாது. நல்லதாகப் போயிற்று. குசினி மேசையில் அபியும் நானும், ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தோடு.
முதல் கணக்கில், (-3) × (-2) என்ற இடத்திலேயே நிறுத்தினாள். "மறையும் மறையும் பெருக்கினா ஏன் அம்மா நேர் வருது?"
வாய் திறந்தேன். 'அது விதி' என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இத்தனை வருடம் எல்லாப் பிள்ளைகளையும் அந்த ஒரு சொல்லால் சமாளித்திருக்கிறேன்.
"பொறு அபி. நானும் யோசிக்க வேணும்."
என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டாள்.