சம்பங்கியில் விட்ட கயிறு

அன்றைக்குக் கே.கே. நகர் சமுதாயக் கூடத்தில் இருந்தவர்களை வரிசையாகச் சொல்கிறேன், சரிதானா என்று நீயே பார்த்துக்கொள். நீ. நான். என் மருமகள் ஜெயந்தி. பூக்கடை ராணி. தபால் ஆபீஸ் மாலதி. லால்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்த செல்வி, அவள் தங்கை வசந்தா. கோமதி. கயிறு பிடித்தவர்கள் இந்த எட்டுப் பேர். பாட்டுக்குப் பாலக்கரை மும்தாஜ். எதிரே நாற்காலியில், மாநிலக் கலை மன்றத்திலிருந்து தேர்வுக்கு வந்த பூங்கொடி மேடம். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள். அவர்கள் வாயே திறக்காததால் பெயர் தெரியாது. கதவோரம் வாட்ச்மேன் சவரிமுத்து. அப்புறம் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு மனிதர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இத்தனை ஞாபகமும் இன்று காலையில் கிளம்பி வந்ததற்கு உன் கயிறுகள்தான் காரணம். நேற்று ஆடிவிட்டு வந்து, வேர்வை காயட்டும் என்று மாடிக் கொடியில் போட்டிருந்தேன். எடுத்து மடிக்கும்போது அந்துருண்டை வாசனையும் மரிக்கொழுந்து வாசனையும் சேர்ந்து ஏறின. உன் பழைய சேலைகளைக் கிழித்து நீயே முறுக்கிய கயிறுகள். பைக்குள் அந்துருண்டையும் போட்டு, ஒரு கொத்து மரிக்கொழுந்தும் வைப்பாய். எதற்கு இரண்டும் என்று கேட்டால், "ஒண்ணு பூச்சிக்கு, ஒண்ணு நமக்கு அண்ணி" என்பாய். நீ போன பிறகும் நான் இரண்டையும்தான் வைக்கிறேன்.

நீ எனக்கு நாத்தனார். நான் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த முதல் வாரமே, ரசத்தில் உப்பில்லை என்று உன் அம்மாவிடம் போய்ச் சொன்னவள். உப்பு இருந்தது. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். அதற்குப் பிறகு நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை ஆயிரம் முழம் பூக் கட்டியிருப்போம், ஆனால் அந்த ரசம் எனக்கு ஆறவில்லை.

பூக் கட்டுகிற பெண்களாகச் சேர்ந்து ஆட ஆரம்பித்ததுதான் நம்முடைய பின்னல் கோலாட்டம். மேலே ஒரு வளையம், அதிலிருந்து தொங்கும் எட்டுக் கயிறு. இடது கையில் கயிறு, வலது கையில் கோல். நாலு பேர் இப்படி, நாலு பேர் அப்படி, உள்ளே புகுந்து வெளியே வந்து ஆட ஆட, மேலேயிருந்து பின்னல் இறங்கி வரும். பாட்டிலே ஆறு பூ: மல்லி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி, செவ்வந்தி, மரிக்கொழுந்து. மரிக்கொழுந்து முடிந்ததும் அப்படியே திரும்பி, மும்தாஜ் கடைசிப் பூவிலிருந்து முதல் பூவுக்குப் பாடிக்கொண்டு போக, நாம் பின்பக்கமாக ஆடிப் பின்னலை அவிழ்ப்போம். பின்னியதை அறுக்கவும் கூடாது, வேறு ஆள் வந்து அவிழ்க்கவும் கூடாது. இந்தச் சட்டத்தில் நீ கோர்ட் மாதிரி.

கோயில் திருவிழா, தெரு விசேஷம் என்று எங்கே ஆடினாலும் மைக்கில் "அடுத்ததாக மகளிர் குழுவினர்" என்பார்கள். அதைக் கேட்டதும் உன் முகம் சுண்டிப் போகும். "மகளிர் குழுன்னா யாரு அண்ணி? லோன் வாங்கக் கியூவுல நிக்கிறதும் மகளிர் குழுதான். ஒரே ஒரு தடவை, ஒரு நல்ல மேடையில, மைக்குல என் பேரைச் சொல்லிட்டு ஆடக் கூப்பிடட்டும். அது போதும்." நகை நட்டு என்று எதற்கும் ஆசைப்படாதவள், இதற்கு மட்டும் ஆசைப்பட்டாய்.

அதனால்தான் மாலதி போனில் வந்த செய்தியைப் படித்துக் காட்டிய அன்று நீ கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்தாய். உள்ளூர்க் கலைக்குழுக்களைக் கலை மன்றம் தேடுகிறதாம், ஆடிக் காட்டினால் தேர்ந்தெடுத்து மாவட்டக் கலைவிழாவில் மேடை தருவார்களாம், ஆசிரியர் பெயரைச் சொல்லித்தான் மேடை ஏற்றுவார்களாம். அரசாங்கம் எதற்கு நம்மைத் தேடுகிறது, வீட்டு வரி ஏதும் பாக்கியா என்று நான் கேட்டேன். நீ காதில் வாங்கவில்லை. குழுவுக்குப் பெயர் வேண்டும் என்றதும் "ஆறுபூ" என்று அங்கேயே வைத்தாய்.

கூடத்துக்குப் போய்ப் பார்த்தால் கயிறு மாட்ட இடமே இல்லை. நடுவில் ஒரு கொக்கி, அதிலே மின்விசிறி. சவரிமுத்து இரண்டு கையையும் விரித்தார்.

"ஃபேனைக் கழட்டுனா யாரும்மா திரும்ப மாட்டுறது?"

"கழட்டுறவங்களேதான். எங்க ஆட்டத்துல அதுதான் சட்டம்" என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீயே ஏணியில் ஏறினாய். பூங்கொடி மேடம் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. மல்லி, முல்லை, கனகாம்பரம், மூன்றும் மளமளவென்று பின்னி இறங்கின. சம்பங்கியை மும்தாஜ் எடுத்த நேரம், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம் என்று ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை, கோமதியைப் பார்த்தேன். ஏனென்றால் அவள் கயிற்றை விட்டுவிட்டாள்.

கோமதி சத்துணவுக் கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். எந்த விழாவிலும் பெரிய மனிதர் வந்தால் பொன்னாடை போர்த்துகிற வேலை அவளுடையது. யாருக்கும் சொல்லாமல் பையில் ஒரு சால்வை கொண்டுவந்திருக்கிறாள். சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார், கவனிக்காமல் விட்டால் நம்மைக் கழித்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. ஓடிப் போய்ப் போர்த்தி, கும்பிட்டு, செவ்வந்தி தொடங்கும்போது வந்து தன் கயிற்றை எடுத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல ஆடினாள். நீ கண்ணாலேயே "நிறுத்தாதீங்க" என்றாய். ஆடினோம்.

வினை அவிழ்க்கும்போது வந்தது. மரிக்கொழுந்து அவிழ்ந்தது, செவ்வந்தி அவிழ்ந்தது. சம்பங்கிக்கு வந்ததும் பின்னல் இறுகி நின்றுவிட்டது. எட்டுப் பேரும் எட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றோம். மேடத்துக்குப் பக்கத்திலிருந்த ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே அடுத்த குழுவின் பறை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தது. உன் மேடையும் உன் பெயரும் அந்த முடிச்சில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. சவரிமுத்து நல்ல எண்ணத்தோடுதான் கத்தி வேண்டுமா என்று கேட்டார். கோமதி வேண்டும் என்றாள்.

"அறுத்தா அது ஆட்டம் இல்ல" என்றாய் நீ. கொஞ்ச நேரம் பின்னலையே அண்ணாந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாய். "அண்ணி, இவ எந்த இடத்துல கயித்தை விட்டா?"

கேட்க வேண்டுமா? "சம்பங்கி ஆரம்பிக்கையில விட்டா. செவ்வந்தி ஆரம்பிக்கையில எடுத்தா. சம்பங்கி பூராவும் இங்க இல்ல. செருப்பை மிதிச்சுத் தடுக்கினா, திரும்பி வரையில தலையை வேற கோதிக்கிட்டா."

நீ சிரித்தாய். அவ்வளவு பேர் முன்னால், அந்த நெருக்கடியில். "உங்க கோபம் இன்னிக்குத்தான் அண்ணி வீட்டுக்கு உதவியிருக்கு" என்றாய். பிறகு கோமதியிடம், கயிற்றை விட்டுவிட்டு வாசலுக்குப் போகச் சொன்னாய்.

"இப்ப எதுக்குக்கா?"

"அப்ப எதுக்குப் போனியோ அதுக்குத்தான். நாங்க திரும்பி ஆடுறோமில்ல, நீயும் திரும்பி ஆடு. போர்த்துனதை வாங்கிட்டு வா."

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. அவள் இல்லாமல் பின்னிய சம்பங்கியை, அவள் இல்லாமல்தான் அவிழ்க்க முடியும். அவள் செய்த தப்பையும் சேர்த்துப் பின்பக்கமாக ஆடியாக வேண்டும். மும்தாஜ் சம்பங்கியை மறுபடி எடுத்தாள். கோமதியின் கயிறு சும்மா தொங்க, ஏழு பேர் ஆடினோம். வெண்ணெயிலே கத்தி இறங்குகிற மாதிரி முடிச்சு விட்டுக்கொடுத்தது. கோமதி வாசலில் போய் அந்த மனிதரிடம் சால்வையைத் திருப்பிக் கேட்க, அவர் பாவம், விட்டால் போதும் என்று கழற்றிக் கொடுத்தார். "நான் மண்டபம் புக் பண்ண வந்தேம்மா. பேத்திக்குக் காது குத்து. இங்க வர்றவங்களுக்கெல்லாம் சால்வை உண்டு போலன்னு நெனச்சேன்."

பாடிக்கொண்டிருந்த மும்தாஜ் சிரிப்பில் ஒரு வரியை விழுங்கினாள். வாய் திறக்காத இரண்டு ஆண்களும் வாய் திறந்து சிரித்தார்கள். கனகாம்பரத்துக்குச் சரியாகக் கோமதி வந்து கயிற்றைப் பிடித்தாள். மல்லி முடிந்தபோது எட்டுக் கயிறும் தனித்தனியாகத் தொங்கின.

ஆனால் மேடை கிடைக்கவில்லை. நமக்குக் கொடுத்த நேரம் எப்போதோ தாண்டிவிட்டது, விதி விதிதான் என்று பூங்கொடி மேடம் நம்மிடம் வந்து வருத்தப்பட்டார். நீ தலையை ஆட்டிவிட்டு மின்விசிறியை மாட்ட ஏணியில் ஏறினாய். ஏணியைப் பிடித்துக்கொண்டே அவர் கேட்டார்: "மன்றத்துல இன்னொரு திட்டம் இருக்கும்மா. அந்தந்த ஊருல ஞாயித்துக்கிழமை வகுப்பு. வயசு, படிப்பு எதுவும் கேக்க மாட்டோம், யாரு வேணா வந்து கத்துக்கலாம். தப்பு வந்தா எப்படி அவிழ்க்கிறதுன்னு தெரிஞ்ச டீச்சரைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். நீங்க வரீங்களா?"

நீ மேலேயிருந்தே, "அங்கயாவது கொக்கி இருக்கா?" என்று கேட்டாய்.

அப்படித்தான் நம் வகுப்பு ஆரம்பித்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹால், நல்ல கெட்டிக் கொக்கி. பாங்கில் வேலை பார்க்கிறவள் வந்தாள், ஆட்டோ ஓட்டுகிறவள் வந்தாள், சித்திரை வீதி மாமி ஒருத்தி வேடிக்கை பார்க்க வந்து மடிசாரோடு ஆடிவிட்டுப் போனாள். மும்தாஜின் மருமகள் ஆட்டத்தைப் படம் பிடித்து வளைகுடாவில் இருக்கிற தன் கணவருக்கு அனுப்ப, அவர் அங்கே எல்லாருக்கும் காட்டினாராம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன் குரல் அந்த ஹாலை நிரப்பும். யாராவது தடுமாறினால் நீ திட்ட மாட்டாய், "எங்க தடுமாறினேன்னு ஞாபகம் வச்சுக்க, திரும்பி வரையில வேணும்" என்பாய்.

நான்தான் உனக்காகக் கோமதியோடு பேசாமல் இருந்தேன். நீயோ அவளை என் பக்கத்துக் கயிற்றில் கொண்டுவந்து நிறுத்தினாய். "உங்க பார்வையில இருந்தா எங்கயும் ஓட மாட்டா அண்ணி." உன் பெயர் மைக்கில் ஏறாமல் போனதற்கு இவள்தானே காரணம் என்று நான் புகைந்தால், "வகுப்புல வாரா வாரம் என் பேரைச் சொல்லித்தானே கூப்பிடுறாங்க, மைக்கை அடுத்த விழாவுக்குப் பாத்துக்கலாம்" என்று சிரிப்பாய். அடுத்த விழா வருவதற்குள் நீ படுத்தாய். ஆஸ்பத்திரியில் உனக்கு ரசம் கொண்டுவந்தேன். குடித்துவிட்டு, "உப்பு சரியா இருக்கு அண்ணி" என்றாய். இத்தனை வருஷம் கழித்து. அதையும் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று அந்த மேடை வந்தது. மாவட்டக் கலைவிழா, ஆறுபூ. உன் கயிற்றை ஆட்டோ ஓட்டுகிற சரளா பிடித்தாள். அறிவிப்பாளர் தம்பி கையில் காகிதத்தோடு "அடுத்ததாக மகளிர்" என்று தொடங்கியதும், கோமதி விறுவிறுவென்று போய் மைக்கை வாங்கிக்கொண்டாள். மறுபடியும் கயிற்றை விட்டுவிட்டாளே!

அவள் உன் பெயரைச் சொன்னாள். உன் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, முழுசாக. பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை சொன்னாள். இங்கே நான் அதை எழுதப் போவதில்லை. மைக்கில் கேட்டாயிற்று, அங்கேதான் அது இருக்க வேண்டும். பிறகு, "அவங்க ஏற வேண்டிய மேடையை ஒரு சால்வைக்காக நான்தான் கெடுத்தேன். அவங்க பேரைச் சொல்லாம இந்தக் கயித்தைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

மும்தாஜ் மல்லியை எடுத்தாள். எனக்குக் கயிறும் தெரியவில்லை, கோலும் தெரியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர். வாழ்க்கையில் ஒரு நாளும் தடுமாறாத நான், ஊரே பார்க்க, ஒரு சுற்று முழுக்க நின்ற இடத்திலேயே நின்றேன். கோமதிதான் முழங்கையால் இடித்து என்னை உள்ளே தள்ளினாள். ஆறு பூவும் பின்னித் திரும்பினோம். மரிக்கொழுந்தில் தொடங்கி முல்லை வரைக்கும் அவிழ்த்தாயிற்று. மல்லிக்கு வந்ததும், நான் காலை எடுத்து வைக்கப் போகும்போது பக்கத்திலிருந்து மெல்ல ஒரு குரல்.

"இங்கதான் நின்னீங்க அக்கா. நில்லுங்க."

நின்றேன். என்னைச் சுற்றி மற்றவர்கள் ஆடிக் கடந்தார்கள். எட்டுக் கயிறும் பிரிந்து தொங்கின. கூட்டம் கைதட்டியது.

கயிறுகளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அந்துருண்டை போட்டாயிற்று, மரிக்கொழுந்தும் வைத்தாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போவேன், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன். சால்வையைக்கூட ஒரு நாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். ஆனால் என்னை ஊர் முன்னால் அழ வைத்து, தடுமாற வைத்து, நான் தடுமாறிய இடத்தையும் என்னைப் போலவே ஞாபகம் வைத்திருந்தாள் பார், அதற்காக என் உயிர் இருக்கிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன், அந்தக் கோமதியை.