பெரியவர் விழித்தது குறித்து மறு ஆணை

திரைகடல் காக்கும் தெய்வம் துணை நிற்க. ஓங்கில் மீன் பொறித்த கொடி உயர்த்திய கோமான், பொழில்நாட்டு மன்னர் அரிகொற்றர் கோல் நீடு வாழ்க. அவர்தம் முத்திரை தாங்கி, ஒற்றாடல் தலைமை பூண்ட ஆதன் வழுதியாகிய யாம், கருந்தீவின் வடதுறையிலிருந்து, எதிர்க்கரையாம் கொன்றைத்துறையின் கடற்காவல் தலைவர் நக்கண்ணருக்கு விடுக்கும் ஓலை. உம் கலங்களும் குலமும் நலம் பெறுக. இதைக் கையில் வாங்கியதும் நின்றபடியே படிப்பீராக. உட்கார்ந்து படிக்க நேரமில்லை.

கருந்தீவிலிருந்து ஆளேற்றி வரும் படகு எதுவாயினும் எரியம்பு எய்து கடலிலேயே முடித்துவிடுக, எம் ஓலைத்தோணிக்கு மட்டும் வழி விடுக என்று முன்னர் ஆணையிட்டிருந்தோம். அவ்வாணை இதனால் நீக்கப்படுகிறது. ஏன் என்று நீர் கேட்பீர். கேட்காவிட்டால் உம்மை அப்பதவியில் வைத்ததே பிழை.

தீவின் தலைவர் பூதங்கொற்றனார் தலைநகருக்கு விடுத்த ஓலையில், பெரியவர் விழித்துவிட்டார், கீழ்த்திசையில் வாய் திறந்துவிட்டார், அவர் காலடியில் உள்ள ஊர்கள் இனி எம் வசம் இல்லை, மக்களைப் படகேற்றி அனுப்புகிறோம், துறையைத் திறந்து வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். மன்னரால் நாடு கடத்தப்பட்ட தமையனாரை அரண்மனையில் எவரும் பெயர் சொல்வதில்லை என்பது நீர் அறிந்ததே. பெரியவர் என்றுதான் நாம் சொல்வோம். அப்படியிருக்க இவ்வோலையை வேறு எப்படிப் படிப்பது? தமையனார் தீவைப் பிடித்துவிட்டார், படகுகளில் படை வருகிறது என்றே படித்தோம். ஐயப்பட்டதற்காக வெட்கப்பட மாட்டோம். ஐயப்படத்தானே மன்னர் எமக்குச் சோறு போடுகிறார்.

படையோடு இங்கு வந்திறங்கியதும் கண்டவையெல்லாம் அந்த ஐயத்துக்கு நெய் வார்த்தன. கிணற்று நீர் வெதுவெதுப்பாய், அழுகிய முட்டை நாற்றம் வீசியது. நம் படை குடிக்கக்கூடாதென நஞ்சு கலந்துவிட்டனர் என்றோம். வயலெல்லாம் சாம்பல் மூடிக் கிடந்தது. நமக்குக் கிடைக்கக்கூடாதென விளைச்சலைக் கொளுத்தினர் என்றோம். கொளுத்திய வயலில் கதிர் நிமிர்ந்து நிற்குமா என்று எவனுக்கும் தோன்றவில்லை. ஆணும் பெண்ணும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்தனர். முகம் மறைக்கும் கலகக்காரர் என்றோம். மரத்தில் ஒரு காக்கை இல்லை, கரையெங்கும் செத்த மீன். உடனே படகுகளைச் சங்கிலியால் பிணித்து, கொற்றனாரையும் விலங்கிட்டு, பெரியவரை எங்கே ஒளித்து வைத்தீர் என்று துறையிலேயே வைத்து அதட்டினோம்.

அவருக்கு இருமலே ஓயவில்லை. கூட்டத்திலிருந்த வெள்ளைச்சி என்னும் மீன்காரிதான் பொறுமை இழந்தாள். ஒளித்து வைக்க அவர் என்ன உப்பு மூட்டையா, உங்கள் முதுகுக்குப் பின்னேதானே நிற்கிறார், திரும்பித்தான் பாருங்களேன் ஐயா என்றாள். யாம் வாளை உருவிக்கொண்டு திரும்பினோம். அங்கே மலை நின்றது. அதன் உச்சியில் கிழக்கே வாய் பிளந்து, உள்ளே உலைபோல் சிவந்திருந்தது.

மூன்று தலைமுறையாக உறங்கிய மலையாம். அதன் பெயரைச் சொன்னால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்துவிடுமாம். ஆகவே பெரியவர் என்றே தீவினர் அழைப்பராம். இப்படியொரு நெருப்பின் மடியில் ஏன் குடியிருந்தீர் என்று அப்போதும் ஐயத்தோடே கேட்டோம். முன்னொரு காலம் அவர் கக்கிய சாம்பல்தான் இன்று எங்கள் கரிசல் மண், தலைமுறை தலைமுறையாய் அவர் போட்ட சோற்றைத்தான் தின்றோம் என்றார் கொற்றனார்.

விலங்கை அவிழ்க்கச் சொல்லி யாம் வாயெடுக்கும் முன்னே கல்லும் சாம்பலும் பொழிந்தன. பின்னாலேயே மழையும் வந்தது. நனைந்த சாம்பல் கூரைகளை அமுக்கியது. ஒரு வீடு சரிந்ததில் வெள்ளைச்சியின் கணவனும் அவன் தங்கையும் மாண்டனர். யாம் சங்கிலி போடாதிருந்தால் அவ்விருவரும் கரை சேர்ந்திருப்பர். ஐயோ, இப்பழி எமதே என்று எழுதியாயிற்று.

இன்று காலை முதல் மலை அடங்கியிருக்கிறது. புகையும் மெலிந்துவிட்டது. எம் வீரர் சிலர் ஆபத்து நீங்கியது என்று மகிழ்கின்றனர். நக்கண்ணரே, இத்தனை ஆண்டு ஒற்றாடலில் யாம் கற்றது ஒன்று உண்டென்றால், திடீரென்று நல்லவனாகிறவனை நம்பக்கூடாது. கிணறுகளின் சூடு ஏறிக்கொண்டேயிருக்கிறது. இந்த மலை எதையோ மறைக்கிறது. ஆகவே இப்பொழுதே அனைவரையும் படகேற்றுகிறோம்.

இனி உமது ஐயத்துக்கு வருவோம். ஆணையை மாற்றும் ஓலை வந்தால் முதலில் ஐயுறுக என்று உமக்குக் கற்பித்தவர் யாமே. எம் கழுத்தில் கத்தி இல்லை என்று எழுதினாலும் பயனில்லை. கத்தி வைத்தவன் முதலில் எழுதச் சொல்வது அதைத்தானே! இவ்வோலை எமக்கு வந்திருந்தால் யாமே நம்பியிருக்க மாட்டோம். எனவே எம் சொல்லை விட்டுவிடும். ஓலைக்குழலில் இம்மலை கக்கிய கல் ஒன்று வைத்துள்ளோம். அதை நீரில் இடுக. மிதக்கும். இதுபோன்ற கற்கள் நீரோட்டத்தில் உம் துறைக்கும் இந்நேரம் வந்திருக்கும், சென்று பார்க்க. கலகக்காரன் எம் முத்திரையைத் திருடலாம், எம் கையெழுத்தைத் திருடலாம். கடல் நிறையக் கல்லை மிதக்கவிட அவனால் ஆகாது. அதன் பின்னும் மனம் ஒப்பாவிட்டால், முதற்படகின் முகப்பில் யாம் வாளின்றி, தலைப்பாகையின்றி நிற்போம். எய்வதானால் எம்மை முதலில் எய்க. கொற்றனார் கடைசிப் படகில் வருகிறார்; எத்துணை சொல்லியும் முன்னே வர இசையவில்லை.

ஆணையாவது: துறைவாயை அடைத்திருக்கும் சங்கிலியை இறக்குக. வில்லாளரைக் கரையிறக்குக, படகுகளைப் பிடித்து இழுக்க அவர்தம் கைகள் வேண்டும். எரியம்புக்கு எண்ணெய் காய்ச்ச மூட்டிய அடுப்புகளை அணைக்காதீர். அவற்றில் கஞ்சி காய்ச்சுக. தீவின் சனம் முழுதும் பசியோடு வருகிறது.

இவ்வோலை பொழில்நாட்டு மன்னர் வாய்மொழியாகவே கொள்ளப்படுக. சாம்பல் படிந்த அரக்கில், ஓங்கில் முத்திரை இட்டோம்.

ஆதன் வழுதி.