நடந்தவள் நான், வழக்கு அவள் மேல்

அனுப்புநர்:
"நீராவி அக்கா" என்று அழைக்கப்படும் மூத்த தொழிலாளி,
இஸ்திரிப் பிரிவு, ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை.
(வீடு: தொழிற்சாலையின் பின்வாசல் தெரு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, மாடி)

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
சட்டமன்ற வாயில் காவல் நிலையம்,
தலைநகர்.

பொருள்: வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக்கும் சட்டத்தை எதிர்த்து நடந்து வந்த தொழிலாளர்கள் மீது தங்கள் நிலையத்தில் பதிவான வழக்கு – நடந்து வராத என் ஓரகத்தியின் பெயர் அதில் இருப்பதும், முழுத் தூரமும் நடந்து வந்த என் பெயர் விடுபட்டதும் – என்னையும் குற்றவாளியாகச் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

அன்று வெயிலில் எங்களோடு சேர்ந்து வாடிய தங்களுக்கும் தங்கள் காவலர்களுக்கும் முதலில் என் வணக்கம். வழக்கிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் தங்கள் மேசை முன் வந்து நின்றிருப்பார்கள். சேர்க்கச் சொல்லி வருபவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பைத்தியக்காரி என்று கசக்கிப் போட்டுவிடாமல் கடைசி வரை படிக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

1. மேற்படி தொழிற்சாலையில் நான் இஸ்திரி போடுகிறேன். என் கணவரின் தம்பி மனைவி, அதாவது என் ஓரகத்தி, அதே தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே மாமியார். எங்கள் மாமியார் ஒரு விஷயத்தில் மட்டும் கறாரானவர். இரண்டு மருமகள்களுக்கும் எதை வாங்கினாலும் ஒரே மாதிரிதான் வாங்குவார். குடை வாங்கினால் ஒரே நிறத்தில் இரண்டு. சாப்பாட்டு டப்பா வாங்கினால் ஒரே அளவில் இரண்டு. "ஒருத்திக்கு ஒண்ணு, இன்னொருத்திக்கு ஒண்ணுங்கிற பேச்சே இந்த வீட்ல கிடையாது" என்பார். அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்த நாள் முதல், அவளுக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்காதது என்று எதுவுமே இருந்ததில்லை. தாங்கள் போட்ட இந்த வழக்குதான் முதல்.

2. சட்டம் வருகிறது என்று தெரிந்ததும் எங்கள் சங்கம் தலைநகருக்கு நடந்தே போவது என்று முடிவு செய்தது. ஆறு நாள் நடை. முதலில் கை தூக்கியவள் நான். எட்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நின்று இஸ்திரி போடுகிறவளுக்கே வீடு திரும்பினால் கால் தன்னுடையதாக இருப்பதில்லை. பன்னிரண்டு மணி நேரம் என்றால் என்ன ஆகும் என்று சட்டம் எழுதியவர்கள் யாரும் நின்று பார்த்ததில்லை. "அக்கா போனா நானும் வர்றேன்" என்று ஓரகத்தியும் கை தூக்கினாள். அவள் எப்போதுமே அப்படித்தான். நான் தலைக்கு எண்ணெய் வைத்தால் அவளுக்கும் தலை அரிக்கும்.

3. ஊர்வலத்தின் முன்னால் பிடித்து வந்த பதாகைத் துணியைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். பத்திரிகையிலும் படம் வந்தது. அந்தத் துணியில் ஒரு சுருக்கம் இருந்ததா என்று தயவு செய்து மறுபடி பார்க்கவும். இருக்காது. கிளம்புவதற்கு முன் அதை நீராவிப் பெட்டியில் இருபுறமும் தேய்த்து, மடிப்பு விழாமல் குழலில் சுற்றி எடுத்து வந்தது நான். படத்தில் அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்பது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. நான் அவளுக்குப் பின்னால் நிற்கிறேன். என் முழங்கை தெரிகிறது.

4. இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் ஓரகத்தி நடக்கவில்லை. செக்கிங் பிரிவில் ஸ்டூலில் உட்கார்ந்து நூல் பார்க்கிற வேலை. அந்தக் கால் நடைக்குத் தாங்காது. இரண்டாம் நாளே இரண்டு குதிகாலிலும் கொப்புளம் வந்து, கண்ணில் தண்ணீர் முட்ட, வாயைத் திறக்காமல் நொண்டிக்கொண்டு வந்தாள். நான்தான் பிடித்து இழுத்துப் போய், எங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டு வந்த மினி லாரியில் டிரம்முக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். அதன் பிறகு தலைநகர் எல்லை வரை அவள் லாரியில்தான் வந்தாள். தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள், அதை மறுக்கவில்லை. எல்லையில் இறங்கி, கடைசிக் கொஞ்ச தூரம் எங்களோடு சேர்ந்துகொண்டாள். தூங்கி எழுந்த முகம் அவளுக்கு. எங்களுக்கெல்லாம் சாலைப் புழுதி புருவம் வரை. படம் எடுக்க வந்த பத்திரிகைக்காரர் யாரை முன்னால் வரச் சொல்வார்? தாங்களே யோசித்துக்கொள்ளலாம்.

5. இப்போது செருப்பு விஷயத்துக்கு வருகிறேன். வழக்கின் ஆணிவேரே அதுதான்.

சட்டமன்ற வாயிலை நெருங்கியபோது நெரிசலில் அவளுடைய இடது கால் செருப்பு கழன்றுவிட்டது. "அக்கா, என் செருப்பு! அத்தை புதுசா வாங்கிக் குடுத்தது!" என்று கத்தினாள். கொப்புளக் காலோடு தார் ரோட்டில் எப்படி நிற்பாள் என்று, "நீ இங்கயே உக்காரு, அசையாத, நான் எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினேன். அவள் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் உட்கார்ந்தார்கள். வாயில் மறியல் என்று தங்கள் வழக்கில் எழுதியிருப்பது இதைத்தான். சங்கம் அப்படி ஒரு முடிவே எடுத்திருக்கவில்லை. கால் வலித்து உட்கார்ந்தவளைப் பார்த்து நாற்பது பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே குனிந்து தேடி, நடைபாதை ஓரத்தில் செருப்பைக் கண்டுபிடித்து, மூச்சிரைக்க ஓடி வந்தபோது அத்தனை பேரும் வேனில் இருந்தார்கள். தாங்கள் வேனின் கதவருகே நின்றிருந்தீர்கள். "ஐயா, நானும் இவங்களோட வந்தவதான், என்னையும் ஏத்துங்க" என்றேன். தாங்கள் என்னை மேலிருந்து கீழே பார்த்து, "செருப்பு வாங்க வந்தீங்களா? வீட்டுக்குப் போங்கம்மா" என்றீர்கள். தங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு அந்தக் குரல் கூட நினைவிருக்கிறது. ஆறு நாள் நடந்து வந்தவளை, வேடிக்கை பார்க்க வந்தவள் என்று நினைத்துவிட்டீர்கள்.

மறுநாள் மதியம் அவர்களை ஜாமீனில் விடும் வரை, தங்கள் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் கையில் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்த பெண் நான்தான்.

6. அதன் பிறகு எங்கள் வீட்டில் நடப்பதைத் தங்களிடம் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் மனு என்றால் பாதிப்பைச் சொல்ல வேண்டும் என்று சங்கத்தின் எழுத்தர் சொன்னார். ஆகவே சொல்கிறேன். எனக்கு வயிறு எரிகிறது, ஐயா.

காலை டீயில் முதல் டம்ளர் இப்போது அவளுக்கு. எங்கள் தெரு முனை மளிகைக்கடைக்காரர் அவளைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார். என்னிடம் "தங்கச்சி எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறார். இத்தனை வருஷமாக என்னோடு வாழ்ந்தும் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை நாலு பேர் முன்னால் சொல்லியிராத என் கணவர், தன் நண்பர்களிடம் "எங்க வீட்டுப் பொண்ணு மேல கேஸே இருக்குடா" என்கிறார். மாமியாரிடம் வாய்விட்டே கேட்டுவிட்டேன், ஒருத்திக்கு ஒன்று என்ற பேச்சே கிடையாது என்றீர்களே, இது என்ன என்று. "கேஸை நானா கடையில போயி வாங்கிக் குடுத்தேன்? போடி வேலையைப் பாத்துக்கிட்டு" என்றார்.

இதையெல்லாம் கூடத் தாங்கிக்கொண்டேன். எனக்கு ஒரே மகள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். துணிச்சலான மனிதர் ஒருவரைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். வீட்டில் எழுந்து நின்று பேசிப் பார்த்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "எங்க சித்தி தலைநகருக்கே நடந்து போயி, நமக்காக ஜெயிலுக்குப் போனாங்க" என்று ஆரம்பித்தாள். ஜெயில் ஒன்றும் இல்லை, தங்கள் நிலையத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்திருந்தீர்கள், அது வேறு விஷயம். பொறுத்துக்கொண்டு கேட்டேன். கடைசியில் என் பக்கம் திரும்பி, எனக்கு வருத்தம் வரக் கூடாது என்று நினைத்தாள் போலிருக்கிறது, ஒரு வரி சேர்த்துக்கொண்டாள்: "எங்க அம்மாவும் கூடப் போனாங்க, சித்தியோட செருப்பை எடுத்துட்டு வர."

ஐயா, அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

7. என் ஓரகத்தி செய்த தவறு என்ன என்று தாங்கள் கேட்கலாம். தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அகப்படவில்லை. சங்கம் பாராட்டுக் கூட்டம் நடத்தியபோது அவளை மேடையேற்றி ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள். கீழே முதல் வரிசையில் நான். "நான் நடக்கலைங்க, எங்க அக்காதான் முழுசா நடந்தாங்க, நான் லாரியில வந்தேன்" என்றுதான் சொன்னாள். அதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. பாதிப் பேர் என்ன தன்னடக்கம் பார் என்று தட்டினார்கள், மீதிப் பேருக்குக் காதிலேயே விழவில்லை. எனக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது. ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் கொடுத்து வைக்கவில்லை.

8. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளுக்கு இந்த வழக்கை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. என்னிடம் கொடுத்திருந்தால் தலை நிமிர்ந்து சுமந்திருப்பேன். அவளோ வாசலில் யாராவது பைக்கை நிறுத்தினால் கையிலிருக்கும் டம்ளரைக் கீழே போடுகிறாள். காக்கிச் சட்டையில் மின்கணக்கு எடுக்க வந்தவரைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். அடுத்த மாதம் விசாரணைக்கு வரச் சொல்லித் தாள் வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. தொழிற்சாலையில் நூல் விட்ட சட்டையைக் கவனிக்காமல் தள்ளிவிட்டு மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். "அக்கா, கூண்டுல ஏத்தி என்ன கேப்பாங்க? பொய் சொன்னா கண்டுபிடிச்சிருவாங்களா?" என்று என் பாயில் வந்து படுத்துக்கொண்டு கேட்கிறாள். ஊருக்கெல்லாம் வீராங்கனை, எனக்கு மட்டும் இந்த அழுகை. எனக்கு வருகிற எரிச்சலுக்கு அளவே இல்லை. அந்த எரிச்சலோடுதான் அவள் குதிகாலுக்கு மருந்து போட்டுவிடுகிறேன்.

9. ஆகவே, விசாரணை தொடங்குவதற்கு முன் கீழ்க்கண்டவற்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

"அனுமதியின்றி ஊர்வலமாக நடந்து வந்தது" என்பது முதல் குற்றச்சாட்டு. என் ஓரகத்தி நடந்து வரவில்லை. லாரி ஓட்டுநர் சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார். அந்தக் குற்றத்தைச் செய்தது நான், முழுமையாக, ஒரு அடி கூட விடாமல்.

"வாயிலை மறித்து உட்கார்ந்தது" என்பது இரண்டாவது. உட்காரச் சொன்னது நான். "அசையாத" என்று சொன்னதும் நான். அவள் பெரியவர்கள் பேச்சைக் கேட்டது தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

எனவே என்னைக் குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்க வேண்டுகிறேன். நாற்பத்தோரு பேர் என்று மேலிடத்துக்கு எழுதியாகிவிட்டது, எண்ணிக்கையை மாற்ற முடியாது என்று சொல்வீர்களானால், அதற்கும் வழி இருக்கிறது. அவள் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளலாம். எண்ணிக்கை அப்படியே இருக்கும். வீட்டு விலாசத்தைக் கூட மாற்ற வேண்டியதில்லை.

அவளைக் காப்பாற்றுவதற்காக இதை எழுதுகிறேன் என்று தயவு செய்து நினைத்துவிட வேண்டாம். என்னுடையதை எனக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்த மனு அவளுக்குத் தெரியாது. விசாரணை நாளன்று எப்படியும் நானும் வருவேன், ஏனென்றால் அவள் தனியாக வர மாட்டாள். உள்ளே அவள் பக்கத்தில் நிற்பேனா, இல்லை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேனா என்பது தங்கள் கையில் இருக்கிறது. எங்கே நிறுத்தினாலும் நிற்பேன். நிற்பது எனக்குப் பழக்கமான வேலை. ஆனால் இந்த முறை எது தொலைந்தாலும் தேடிப் போக மாட்டேன்.

உரிய நடவடிக்கையை எதிர்நோக்கி,

இடம்: வீட்டுச் சமையலறை
நாள்: வார விடுமுறை, ஞாயிறு

இப்படிக்கு,
தங்களால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட,
நீராவி அக்கா
(இஸ்திரிப் பிரிவு)

இணைப்பு: செருப்பு, இடது கால், ஒன்று. ஆதாரமாகப் பார்த்தபின் திருப்பித் தர வேண்டுகிறேன். இதன் ஜோடி வீட்டில் இருக்கிறது, விசாரணைக்கு வரும்போது அவளுக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.