சூடானால் நின்றுபோகும் வண்டி

மாமா,

இன்று காலை பரமத்தி சாலையில் ஒரு கார் நின்றுபோய், ஓட்டி வந்தவர் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். கிட்டே போனதும் எரியாத பெட்ரோலின் வாசம் மூக்கில் ஏறியது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நம் பழைய காருக்கும் இதே சீக்குதானே இருந்தது. கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், சூடேறியதும் பொசுக்கென்று அணைந்துவிடும். ஆறினால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். பட்டறைக்குக் கொண்டுபோனால் நிற்கவே நிற்காது. பம்பை மாற்றினார்கள், ஃபில்டரை மாற்றினார்கள். "நம்மகிட்ட மட்டுந்தான் வீம்பு பண்ணுது புள்ள" என்று சிரிப்பீர்கள்.

அந்தச் சித்திரை மதியம் வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். சட்டையெல்லாம் வேர்வை. "ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நாமக்கல்லே போயிரலாம், வண்டிய எடு" என்றீர்கள். பின் சீட்டில் உங்களைப் படுக்கவைத்து ஓட்டினேன்.

பரமத்தி தாண்டியதும் நின்றுபோனது. சாவியைத் திருகித் திருகிக் கை வலித்தது. இறங்கிக் கைகாட்டினேன், இரண்டு லாரிகள் நிற்காமல் போயின. நான் அழுதுகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கேட்டீர்கள்.

"பெட்ரோல் வாசம் வருதா?"

"வருதுங்க."

"அப்ப பெட்ரோல் போகுது. பொறிதான் வரல. பொறி குடுக்கற காயில் சூடாயிருக்கும், அதும்மேல ஈரத்துணியப் போடு."

இத்தனை நாள் யாருக்கும் பிடிபடாதது அப்போது உங்களுக்குப் பிடிபட்டது. பானெட்டைத் திறந்தேன். காயிலைத் தொட்டதும் விரல் பொரிந்தது. உங்கள் துண்டை நனைத்து அதன்மேல் போட்டேன். அது ஆறும்வரை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கொடிக்கால்ல தண்ணி மோட்டார ஓட உட்டுட்டு வந்துட்டேன். போன் போட்டு நிறுத்தச் சொல்லு சாமி" என்றீர்கள். பிறகு பேசவில்லை.

என்ஜின் உயிர் பெற்றதும் "எடுத்துருச்சுங்க மாமா!" என்று கத்தினேன். பதில் இல்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னுங் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார். அவ்வளவுதான்.

கருமாதி முடிந்ததும் உங்கள் தம்பி, "இந்த வண்டிய ஒடைக்கப் போட்டுரலாங்க அண்ணி" என்றார். நான் சம்மதிக்கவில்லை. பட்டறைக்குப் போய், "இப்பப் பாக்காதீங்க. நிக்கற வரைக்கும் ஓட உடுங்க" என்றேன். வெயிலில் ஓடவிட்டோம். நின்றதும் மெக்கானிக் பிளக்கைக் கழற்றிச் சோதித்தார். பொறி இல்லை. காயிலை ஆறவைத்துப் பார்த்தபோது நீலமாகத் தெறித்தது.

"காயில்தாங்கக்கா" என்றார்.

நீங்கள் சொன்னது சரி, மாமா. மாற்றுவதற்குக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை.

அதன்பின் வண்டி ஒருநாளும் நின்றதில்லை. சேந்தமங்கலம் போகிறேன், கரூர் போகிறேன். எந்த வெயிலிலும் ஓடுகிறது. சரியாகிவிட்டதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் கத்தியது அன்று உங்கள் காதில் விழுந்ததா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.