ஒன்றுக்குக் கீ இல்லாத மெஷின்

நவம்பர் 3, 1993, புதன்

மில்லில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. மாலை போட்டு, சூடம் காட்டி, திரையின் நெற்றியில் குங்குமமும் வைத்தாயிற்று. அதன் பக்கத்தில் நின்றுகொண்டே மேனேஜர் பால்ச்சாமி சொன்னார்: டைப்பிங் செக்‌ஷன் பொங்கலோடு முடிகிறது, கம்ப்யூட்டருக்கு ஒரு ஆள் போதும். டைப்பிஸ்ட் நாங்கள் இரண்டு பேர், நானும் ஆயிஷா பீவியும். சாயங்காலம் கம்ப்யூட்டர் சென்டரில் சி என்ற புரோகிராம் மொழி படிக்க வேண்டும். டிசம்பரில் பரீட்சை, முதலில் முடிக்கிறவருக்கு வேலை.

“இன்னொரு ஆளுக்கு, சார்?” என்றேன்.

“பாப்போம்மா.”

பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அம்மாவுக்கும் எனக்கும் இந்தச் சம்பளம்தான். ஆயிஷாவுக்கு இரண்டு பிள்ளைகள். புருஷன் சவூதிக்குப் போனவன் போனவன்தான்.

நவம்பர் 8, திங்கள்

சென்டரில் செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போனோம். பயத்தில் பாதி, குளிரில் பாதி நடுக்கம். வாத்தியார் சுயம்புலிங்கம் என்னைவிடச் சின்னவர், அக்கா என்கிறார். முதல் புரோகிராம், திரையில் இங்கிலீஷில் வணக்கம் வர வேண்டும். வந்துவிட்டது! ஆயிஷா என் கையைக் கிள்ளினாள். நாங்கள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே இன்ஸ்டிடியூட்டில் டைப்பிங் படித்தவர்கள். எங்கள் வேகத்தைப் பார்த்து வாத்தியாரே வாயைப் பிளந்தார்.

நவம்பர் 18, வியாழன்

ஏழாம் வாய்ப்பாடு. ஒன்றில் தொடங்கிப் பத்து வரை சுற்ற வேண்டும், அவ்வளவுதான். திரை முழுக்கத் தப்பு என்று வருகிறது. வாத்தியார் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

“எல்லாம் சரியாத்தானக்கா இருக்கு. ஒன்னு யாருன்னு தெரியலங்குதே! ஒன்னு தெரியாத கம்ப்யூட்டரா?”

அந்த வரிகளை அழித்துவிட்டு அவரே அடித்தார். ஓடியது. நான் அடித்தால் ஓடவில்லை. ஆயிஷா அடித்தாலும் ஓடவில்லை. வணக்கம் சொல்லத் தெரிந்தது எண்ணச் சொன்னால் ஏன் முறைக்கிறது? எங்க கை பட்டா ஆகாதா அதுக்கு?

நவம்பர் 26, வெள்ளி

இன்றும் அதே தப்பு.

டிசம்பர் 6, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்.

காலையில் மில்லில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். 110 பேல் நூல். மோதிர விரல் தானாக எல் மேல் போய் இரண்டு தட்டுத் தட்டியது. அப்படியே கையைத் தூக்கிவிட்டேன். எங்கள் பழைய மெஷினில் ஒன்றுக்குத் தனிக் கீ கிடையாது. மேல் வரிசை இரண்டில்தான் தொடங்கும். இங்கிலீஷ் சின்ன எல் எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்போம், இன்ஸ்டிடியூட்டில் அப்படித்தான் பழக்கினார்கள். பேப்பரில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. திரையிலும் கிட்டத்தட்ட அதே குச்சிதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு எல் எல்தான், ஒன்று ஒன்றுதான்.

சாயங்காலம் மேல் வரிசை ஒன்றை அடித்தேன். வாய்ப்பாடு மளமளவென்று இறங்கியது. வாத்தியார் வேறு அறையில் இருந்தார். பக்கத்து சீட்டில் ஆயிஷா எல் கீயைத் தட்டிவிட்டு, அழுகையைத் துப்பட்டியில் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் திரையை அணைத்துவிட்டேன்.

சொல்லவில்லை. வாயைத் திறந்தால் வேலை போய்விடும். திறக்காவிட்டால்? அவள் பிள்ளைகளுக்கு நான்தான் ரெண்டு பேருக்கும் பேர் தேடிக் கொடுத்தேன். இது என்ன சோதனை எனக்கு!

டிசம்பர் 8, புதன்

நாளை பரீட்சை. இன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் அவள் தன் டிபனில் பாதியை எனக்குக் கொடுத்தாள். வாங்கித் தின்றேன்.

டிசம்பர் 9, வியாழன்

காலை பஸ்ஸில் ராஜபாளையம் வருவதற்குள் சொல்லிவிட்டேன்.

“ஏட்டி, இன்னைக்குப் போயி என்னையக் கொழப்பப் பாக்கியா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் வந்தது. சரி, நான் சொல்லியாச்சு, இனி அவள் பாடு என்று இருந்துவிட்டேன்.

பரீட்சையில் கணக்கு: ஒன்றிலிருந்து ஐம்பது வரை கூட்டி விடை காட்ட வேண்டும். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் முதலில் எல் எழுத்தைத்தான் அடித்தாள். தப்பு என்று வந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இடது சுண்டுவிரல் மெல்ல மேலே போனது.

அவளுக்கு விடை வந்துவிட்டது. நான் ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டு, அதைத் தேடித் தேடி வேர்த்து, கடைசியில்தான் முடித்தேன்.

டிசம்பர் 13, திங்கள்

வேலை ஆயிஷாவுக்கு. “அவிய முதல்ல முடிச்சிட்டாக, என்னம்மா செய்ய?” என்றார் மேனேஜர்.

சொல்லியிருக்கவே கூடாது. சொல்லாம இருந்திருந்தா மட்டும் தூக்கம் வந்திருக்குமா? தெரியல. இப்பவும் வரல.

பிப்ரவரி 21, 1994, திங்கள்

கோர்ட் வாசலில் டைப் அடிக்கிறேன், மரத்தடியில் ஒரு மேஜை, வாடகை மெஷின். காலையில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது மில்லுக்குப் போகும் ஆயிஷா பஸ் ஜன்னலிலிருந்து கை காட்டுவாள். நானும் காட்டுவேன். சில நாள் பார்க்காததுபோல் வந்துவிடுவேன். சென்டருக்குப் போவதை மட்டும் விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சுயம்புலிங்கம் ஒரு சீட் ஒதுக்கித் தருகிறார்.

இன்று கூமாப்பட்டி ஆண்டிச்சாமி என்பவருக்குப் பாகப் பத்திரம். சர்வே எண் 1 என்று அடிக்கப்போனேன். இடது சுண்டுவிரல் தானாக மேல் வரிசைக்குப் போய், கீ இல்லாத இடத்தில் தகரத்தில் இடித்து நகம் வலித்தது.

“என்னம்மா, மெஷின் ரிப்பேரா?” என்றார்.

“இல்லைங்க. எனக்குக் கை மாறிப்போச்சு.”